நாலு எங்கே போச்சு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருந்த இயந்திரம் ஒரு லென்ஸை அறுத்து முடிக்க ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அவள் அடுத்த ஃப்ரேமின் திருகுகளைக் கழற்றியிருப்பாள், முந்தின லென்ஸைத் துடைத்து உறையில் போட்டிருப்பாள், ஆறாத டீயை ஊதி ஊதிக் குடித்திருப்பாள். அப்புறமும் நேரம் மிச்சமிருந்தால் இயந்திரத்தின் மூடியை விரலால் தட்டத் தொடங்குவாள். தட்டினால் அது வேகமாக ஓடாது என்று முதலாளி சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். மற்றவர்கள் முதல் வாய் எடுப்பதற்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அடுப்பில் இருக்கும் பாலை இவள் முறைத்தே பொங்க வைத்துவிடுவாள் என்று அம்மா சொல்வாள். யார் பேசினாலும் அவர்களுடைய வாக்கியத்தை இவளே முடித்துவைப்பாள். பாதி நேரம் தப்பாக முடிப்பாள். இப்படிப்பட்டவள் தன்னைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம், தான் ரொம்ப நிதானமானவள் என்பது. அவசரக்காரன் என்றால் அது அண்ணன்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நட்டை முறுக்கிவிட்டு மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற ஆள். ஆனால் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போல ஆகிவிடுவான் என்று ஊரே சொன்னது. பாட்டு ஒரு வேகத்தில் தொடங்கும், இன்னொரு வேகத்தில் முடியும். கேட்கிற இளவட்டங்களுக்கு அதுதான் பிடித்தது. குதிப்பார்கள், சட்டை நனையக் கத்துவார்கள்.

அவர்களுடைய பாண்டுக்குப் பெயர் 'புகார்'. மூடிப்போன ஒரு மரச்சாமான் கடையின் கிடங்கில் வாசித்துப் பழகினார்கள். பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் கதவில் ஒட்டிவைத்த புகார்க் கடிதங்களைப் பார்த்து வைத்த பெயர் அது. நாலு பேர். அண்ணன் டிரம்ஸ். இவள் பேஸ் கிட்டார். கிட்டார் வாசிப்பவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்; நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான், அதனால் 'தந்தி'. பாடுகிறவன் எங்கே போனாலும் உடுத்திக்கொண்டு கடைசியாக வருகிற 'மாப்பிள்ளை'. அண்ணன் இருந்ததால் இவள் எல்லாருக்கும் 'தங்கச்சி' ஆகிவிட்டாள். இவளைவிட இரண்டு வயது சின்னவனான மாப்பிள்ளைகூடத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டான்.

ஆறு வருடம் கிடங்கிலும் கல்லூரி மைதானங்களிலும் தொண்டை கிழிந்தபின், அந்த வருடம்தான் ஒரு கதவு திறந்தது. பெரிய அரங்கம் ஒன்றில் பெரிய பாண்டின் கச்சேரி தொடங்குவதற்கு முன்னால் நாலு பாட்டு வாசிக்க அழைப்பு வந்தது. கூடவே ஒரு நிபந்தனை. அந்த அரங்கத்தில் விளக்கும் திரையும் கம்ப்யூட்டர் கணக்கில் ஓடும். அதனால் வாசிக்கிற ஒவ்வொருவர் காதிலும் 'டிக் டிக்' என்று தாளம் ஓடிக்கொண்டிருக்கும், அதை விட்டு ஒரு மயிரிழைகூட விலகக் கூடாது. முன்கூட்டியே ஸ்டூடியோவில் அதே டிக்டிக்கோடு நாலு பாட்டையும் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை கடைக்கே வந்துவிட்டான். கண்ணாடி வாங்க வந்தவன் போல ஒரு ஃப்ரேமை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அரங்கத்துக்காரங்க நம்ம பழைய பதிவக் கேட்டிருக்காங்க," என்றான். "பாட்டெல்லாம் நல்லாருக்காம். ஆனா..."

"பேரை மாத்தணுமா?"

"இல்ல."

"நேரம் கொறைக்கச் சொல்றாங்களா?"

"கொஞ்சம் என்னைப் பேச விடேன். டிரம்மர் தாளத்துக்கு முன்னால ஓடறாராம். இவர் டிக்டிக்ல நிக்க மாட்டார், வேற ஆளைப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஆளும் அவங்களே சொல்றாங்க. ஓட்டல்ல வாசிக்கிறவராம், கடிகாரம் மாதிரி வாசிப்பாராம்."

அவன் கையிலிருந்த ஃப்ரேமை அவள் வெடுக்கென்று வாங்கி வைத்தாள். உள்ளுக்குள் சொல்லவே வெட்கமான ஒரு நிம்மதியும் வந்தது. குறை அண்ணனோடு போயிற்றே என்கிற நிம்மதி.

"தந்தி என்ன சொல்றான்?"

"'சரி'ன்னான். அவ்வளவுதான். அண்ணன்கிட்ட சொல்றதுதான் பாக்கி. நாங்க சொன்னா நல்லாருக்காது தங்கச்சி. உன் அண்ணன், நீயே பக்குவமா சொல்லிடு."

பக்குவமாக என்ற சொல்லுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அன்று மாலை அண்ணன் அவளைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கிடங்குக்குக் கூட்டிப் போனான். கிடங்கு வந்ததும் உட்கார வைத்துப் பேசலாம் என்றுதான் நினைத்திருந்தாள். வழியில் சிவப்பு விளக்கு விழுந்தது. தொண்ணூறிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எண்பத்திரண்டு வரைதான் அவளால் பொறுக்க முடிந்தது. ஹெல்மெட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில், பேருந்துப் புகைக்குள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அண்ணனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, "நீ என்ன நெனக்கிற?" என்று மட்டும் கேட்டான்.

"நானும் அதான் நெனக்கிறேன் அண்ணா. நீ ஓடத்தான் செய்யற. முதல் நாளே நாலு சொல்லாம ஆரம்பிச்சவன்தானே நீ."

அது பாண்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்த கதை. எந்த டிரம்மரும் குச்சியைத் தட்டி 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு' எண்ணுவான். நாலுக்கு அப்புறம்தான் பாட்டு. முதல் நாள் கிடங்கில் அண்ணன் மூன்று வரை எண்ணிவிட்டு, நாலு இருக்கவேண்டிய இடத்திலேயே அடித்துவிட்டான். மற்றவர்கள் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அன்றிலிருந்து புகார் பாண்டில் எண்ணிக்கை மூன்றோடு நின்றுபோனது. மேடையில் மாப்பிள்ளை அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவான். எனக்குப் பொறுமை கிடையாதுப்பா என்று அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

விளக்குப் பச்சையானது. அண்ணன் கிளம்பவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

"பச்சை விழுந்துடுச்சு. போ."

"சரி," என்றான். கிடங்கு வாசலில் அவளை இறக்கிவிட்டு, வண்டியைக்கூட நிறுத்தாமல் திரும்பிப் போய்விட்டான்.

அதற்கப்புறம் வந்த இரண்டு வாரமும் அவளுக்கு முள்மேல் நிற்பது போல இருந்தது. அண்ணன் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பாள். திட்டுக்குத் திட்டு கொடுப்பதில் அவள் கெட்டிக்காரி. அவனோ வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். டிரம்ஸ் அடித்துப் புண்ணான விரல் மூட்டுகளில் சுற்றியிருந்த பிளாஸ்திரியை ஒருநாள் பிரித்துக் குப்பையில் போட்டான். சீக்கிரமே படுத்துத் தூங்கியும் போனான். கதவுக்கு வெளியே கேட்ட அவன் குறட்டை அவளை இன்னும் எரிச்சலாக்கியது. இவ்வளவு நடந்தும் ஒருவனுக்கு எப்படித் தூக்கம் வரும் என்று நின்று யோசிப்பாள். அப்படி யோசிக்கிறபோதும் கால் சும்மா இருக்காது.

"உங்க ரெண்டு பேருக்கும் என்னடி?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா வாசப்படிய இப்படித் தேய்ச்சுக்கிட்டு இருக்க?"

சனிக்கிழமை காலை ஸ்டூடியோவுக்கு முதல் ஆளாக அவள்தான் போனாள். பூட்டியிருந்தது. ரெக்கார்டிங்காரர் சாவியோடு வந்தபோது அவள் கிட்டாரை உறையிலிருந்து எடுத்துச் சுருதி சேர்த்துப் படிக்கட்டில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவர் நரைத்த குடுமி வைத்த மனிதர். எதையும் பார்த்து ஆச்சரியப்படும் வயதைத் தாண்டிவிட்டவர்.

புது டிரம்மர் இஸ்திரி போட்ட சட்டையில், பாட்டுகளை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "வணக்கம் மேடம்," என்றார். ஆறு வருடத்தில் பாண்டுக்குள் யாரும் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை. அவர் கண்ணாடி அறைக்குள் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். மற்ற மூவரும் வெளியே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நின்றார்கள். காதில் நாலு டிக் வரும், அதற்கப்புறம் பாட்டு என்று ரெக்கார்டிங்காரர் சொன்னார்.

டிக், டிக், டிக்.

மூன்று பேரும் ஒரேயடியாகப் பாட்டுக்குள் விழுந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புது டிரம்மர் குச்சியைத் தூக்கியபடி விழித்தார். ஒரு தட்டு கழித்து அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் கந்தல்கோலம்.

"நாலு எங்கே போச்சு?" என்று புது டிரம்மர் மைக்கில் கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை, அண்ணன் மூன்றோடு நிறுத்திய கதையைச் சொன்னான். பழக்கதோஷம், இனிமேல் கவனமாக இருக்கிறோம் என்றான். மறுபடியும் டிக்டிக் ஓடியது. இந்தத் தடவை மாப்பிள்ளை நின்றான், தந்தி நின்றான். தனியாக ஒரு பேஸ் கிட்டார் மட்டும் 'தொம்' என்று கேட்டது.

"சாரி," என்றாள்.

மூன்றாம் தடவையும் 'தொம்'. நான்காம் தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு ஒருவழியாகத் தொடங்கியது. இரண்டாவது சரணத்துக்குள் ஏதோ இடறியது. தந்தி நிறுத்திவிட்டான்.

"அவர் இழுக்கறார்," என்று அவள் புது டிரம்மரைக் காட்டினாள். "பாட்டு கனமா இருக்கு. நகர மாட்டேங்குது."

 புது டிரம்மர் மரியாதையாகத் தண்ணீர் குடித்தார். மறுபடி, மறுபடி. காதுக்குள் அந்த டிக்டிக், ஒவ்வொரு தடவையும் அவள் போய் நின்றபிறகுதான் வந்தது. வேண்டுமென்றே பிந்தி வருவது போல. அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒன்பதாவது தடவை முடிந்ததும் ரெக்கார்டிங்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"மேடம், கொஞ்சம் இங்க வாங்க."

கம்ப்யூட்டர் திரையில் செங்குத்துக் கோடுகள் சம இடைவெளியில் நின்றன. ஒவ்வொரு கோடும் ஒரு டிக். மேலே டிரம்ஸ், அது கோட்டின்மேல் நின்றது. அடுத்து கிட்டார், அதுவும் கிட்டத்தட்ட அங்கேதான். அதன் கீழே பேஸ். ஒவ்வொரு தட்டும் கோட்டுக்கு முன்னால் கிடந்தது. பாட்டு போகப் போக இன்னும் இன்னும் முன்னால்.

"இன்னிக்குப் பதட்டத்துல இருக்கேன்," என்றாள்.

"இருக்கலாம்." அவர் வேறொரு கோப்பைத் திறந்தார். "இது உங்க கிடங்குப் பதிவு. அரங்கத்துக்காரங்க எனக்கும் அனுப்பியிருந்தாங்க. டிரம்ஸை விட்டுட்டு உங்க கையை மட்டும் கேளுங்க."

கேட்டாள். அண்ணனுடைய அடியும் அவளுடைய பேஸும் ஒன்றாகத்தான் ஒலித்தன. ஆறு வருடமாக அவளுக்குப் பெருமை தந்த ஒற்றுமை அது. ரெக்கார்டிங்காரர் அதையும் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பேஸ் முதலில் ஒரு நூல் முந்தும். அடுத்த தட்டில் டிரம்ஸ் அதை எட்டிப் பிடிக்கும். பேஸ் மறுபடி முந்தும். டிரம்ஸ் மறுபடி ஓடிப் பிடிக்கும்.

"உங்க பழைய டிரம்மர் ஓடல மேடம். ஓடறது நீங்க. நீங்க தனியா விழுந்துடாம அவர் பிடிச்சுட்டே வந்திருக்கார். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர். வெளியில இருந்து கேட்டா டிரம்மர்தான் ஓடற மாதிரி இருக்கும்."

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. தந்தி தன் செருப்பைப் பார்த்தான். அவளுக்கு அந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. மூன்றுக்கு அப்புறம் முதலில் கேட்டது எது என்று எவ்வளவு யோசித்தாலும் அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிவப்பு விளக்கில் தான் சொன்ன வார்த்தைகள் மட்டும் ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தன. 

"இப்ப என்ன பண்றது?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"பேஸை இவரே வாசிச்சுடலாம்," என்று ரெக்கார்டிங்காரர் தந்தியைக் காட்டினார். "ரெண்டு மணி நேர வேலை. யாருக்கும் தெரியாது."

"ஒரு மணி நேரம் குடுங்க," என்றாள் அவள். "அண்ணனைக் கூட்டிட்டு வரேன். அவன் இருந்தா நான் நிப்பேன்."

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் படி இறங்கியிருந்தாள்.

அண்ணன் அன்று ஒரு அலுவலகக் கட்டடத்தில் வேலையாக இருந்தான். விடுமுறை நாள், காவலாளி ஐந்தாவது மாடி என்றார். லிஃப்ட் ஓடாது என்பதால் ஐந்து மாடியையும் ஓடியே ஏறினாள். அங்கே லிஃப்டின் கதவு திறந்திருந்தது. குறுக்கே மஞ்சள் தடுப்பு. லிஃப்ட் பெட்டியின் கூரை தரைமட்டத்துக்கு அரையாள் கீழே இருந்தது. அதன்மேல் நின்று அண்ணன் ஒரு கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தான். இடுப்புக்குமேல்தான் தெரிந்தான். முகத்துக்கு முகம் பார்க்க அவள் தரையில் உட்கார வேண்டியிருந்தது.

மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது தடவை, திரை, கோடுகள், கிடங்குப் பதிவு. "அண்ணா, ஓடினது நான்," என்றாள். "நீ இல்ல. நான்தான்."

"தெரியும்," என்றான் அவன். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான்.

"எப்பலேருந்து?"

"முதல் நாள்லேருந்து. நாலுங்கிற வார்த்தை வாய்க்கு வந்துடுச்சு, அதுக்குள்ள நீ தொடங்கிட்ட. உன்னை மட்டும் தனியா விட்டா எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சேர்ந்து அடிச்சுட்டேன்."

"அன்னிக்கு சிக்னல்ல ஏன் சொல்லல? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உன்னைத் தூக்கியிருப்பாங்க." துணியை மடித்தான். "நீயும் நம்பியிருக்க மாட்ட."

அது உண்மை என்பதால் அவளுக்குச் சுருக்கென்றது. கைப்பேசி அடித்தது. மாப்பிள்ளை. எடுக்கவில்லை.

"சரி, கிளம்பு. வண்டி கீழ நிக்குது. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ வந்து உட்கார்ந்தா..."

"நான் வரலடா."

அவளை டா போட்டுக் கூப்பிட்டால் அது கோபமில்லை, பிரியம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"கோவமா இருக்கியா?"

"முதல் வாரம் இருந்துச்சு. அப்ப கூப்பிட்டிருந்தா, உங்க முகத்துல அடிச்ச மாதிரி வந்து வாசிச்சுக் காட்டியிருப்பேன். இப்ப கோவம் இல்ல." அவன் வடத்தின் ஒரு இழையை நகத்தால் தடவிப் பார்த்தான். "ஆறு வருஷமா ஒவ்வொரு பாட்டுலயும் உன் பின்னாலயே ஓடிட்டு இருந்தேன். எங்க விழுவியோ, எங்க முந்துவியோன்னு. டிரம்ஸ் வாசிச்ச மாதிரியே இல்ல, குழந்தையைத் துரத்தின மாதிரி இருந்துச்சு. இந்த ரெண்டு வாரமாத்தான் மூச்சு விடறேன். நல்லா தூங்கறேன்."

"நான் மாறிடறேன்."

"மாறு. ஆனா நான் வரல."

அவளிடம் எப்போதும் அடுத்த வாக்கியம் தயாராக இருக்கும், அடுத்தவருடையதும் சேர்த்து. இப்போது மஞ்சள் தடுப்பை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் தன்னை மன்னிக்க வேண்டும், கூடவே எழுந்து வரவும் வேண்டும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் என்று கணக்குப் போட்டு ஓடி வந்திருந்தாள். மன்னிப்பு அவள் கேட்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே அவளுக்கு வேலை இல்லை.

"ஒரு தடவையாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம் அண்ணா," என்றாள். 

"ஒரு தடவையாவது நீ திரும்பிப் பார்ப்பேன்னு நெனச்சேன். மேடையில எல்லாரும் டிரம்மரைத் திரும்பிப் பாப்பாங்க. நீ பார்த்ததே இல்ல."

கைப்பேசி மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"தங்கச்சி, மணி ஆகுது. அண்ணன் வர்றாரா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் அடுத்த வடத்துக்கு நகர்ந்திருந்தான்.

"வரல," என்றாள்.

"அப்ப என்ன பண்ணட்டும்?"

"பேஸைத் தந்தியை வாசிக்கச் சொல்லு." ஒவ்வொரு வார்த்தையாக, இடைவெளி விட்டு வந்தது. "அரங்கத்துலயும் அவனே வாசிக்கட்டும். கிட்டாருக்கு ஆள் பார்த்துக்கலாம்."

"என்ன சொல்ற? நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

கைப்பேசியை மடியில் வைத்தாள். அண்ணனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். இரண்டடி தூரம்கூட இல்லை. வேண்டாம், அப்படிச் சொல்லாதே, நீ போய் வாசி என்று அவன் இப்போது சொல்வான். எப்போதும் அப்படித்தான் சொல்வான். அவள் கால்களை மடக்கி உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தாள்.

அவன் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தான்.